மூளை நலத்துக்கான உணவு: முதியவர்களுக்கு எப்படிச் சொல்லித் தருவது?

கேள்வி: தண்டையார்பேட்டையில் எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த முதியவர்கள் வாரம் ஒருமுறை கூடுகிறார்கள். ஞாபகசக்திக்கு ஏற்ற உணவைப் பற்றி அவர்களுக்குச் சொல்லித் தரும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. சொல்வதையெல்லாம் தலையாட்டிக் கேட்கிறார்கள், ஆனால் வீட்டில் எதுவும் மாறுவதில்லை. பாதாம், வால்நட் வாங்கும் வசதியும் இங்கே பலருக்கு இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பாதாமை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். முதலில், இதைச் சாப்பிட்டால் மறதி நோய் வராது என்று எந்த உணவைப் பற்றியும் வாக்குக் கொடுக்காதீர்கள். கீரை, பயறு, கொட்டை வகைகள், மீன் ஆகியவற்றை முன்னிறுத்தும் 'மைண்ட்' உணவுமுறை 2015-இல் அமெரிக்காவில் வெளியானபோது பெரும் நம்பிக்கை ஏற்பட்டது. ஆனால் 604 முதியவர்களை மூன்று ஆண்டுகள் கவனித்து 2023-இல் வெளியான சோதனையில், அந்த முறையைப் பின்பற்றியவர்களுக்கும், வழக்கமான உணவையே சற்றுக் குறைத்து உண்டவர்களுக்கும் இடையே சிந்தனைத் திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அதே நேரத்தில், பின்லாந்தில் 1,260 பேரிடம் உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, இரத்த அழுத்தக் கண்காணிப்பு ஆகிய நான்கையும் சேர்த்து இரண்டு ஆண்டுகள் நடத்தியபோது சிந்தனைத் திறனில் நன்மை தெரிந்தது. ஆகவே உங்கள் கூட்டத்தில் ஒரே செய்தியைச் சொன்னால் போதும்: இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைக்கும் சாப்பாடு மூளையின் இரத்தக் குழாய்களையும் காக்கும். இதைச் சொல்ல 'ஒமேகா', 'ஆன்டி ஆக்சிடன்ட்' போன்ற சொற்கள் தேவையே இல்லை.

முதல் வாரம் உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மிகாமல், உப்பைப் பரிந்துரைக்கிறது. அந்தக் கணக்கில் நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் குறைந்தது 50 நாட்கள் வர வேண்டும். உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். அறிவுரை செய்யாத வேலையை அந்தக் கேள்வி செய்துவிடும். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் ஆகியவற்றின் உப்பு அந்தப் பாக்கெட் கணக்கில் வராது என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். கேழ்வரகுக் கூழ் நல்ல உணவுதான், கூடவே கடித்துக்கொள்வதைத்தான் கவனிக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: உப்பை அடியோடு நிறுத்தும்படி யாரிடமும் சொல்லாதீர்கள். சிறுநீர் பிரிவதற்கான மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்குச் சோடியம் அளவு இறங்கிவிட்டால், அதுவே மனக்குழப்பத்தை உண்டாக்கும்.

அடுத்து மீன். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கத்திலேயே இருக்க, மீன் எண்ணெய் மாத்திரையைத் தேடிப் போவதில் பொருளில்லை. வஞ்சிரத்தைவிடப் பல மடங்கு மலிவான மத்தியிலும் கானாங்கத்தையிலும் மூளைக்கு வேண்டிய கொழுப்பு தாராளமாகக் கிடைக்கும். வாரம் இரண்டு நாள் போதும், எண்ணெயில் மூழ்கப் பொரிக்காமல் குழம்பாக வைப்பது மேல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் விலை ஏறும்போது முட்டையும் கொண்டைக்கடலைச் சுண்டலும் புரதத்தைக் கொடுக்கும். பல் இல்லாதவர்களுக்குச் சுண்டலைக் குழைய வேகவைத்து மசித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். வல்லாரையைப் பற்றி நிச்சயம் கேட்பார்கள். கீரை என்ற வகையில் தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் அதற்கெனத் தனிச் சக்தி இருப்பதாகச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் போதாது. அரைக்கீரையும் முருங்கைக்கீரையும் அதற்குச் சளைத்தவை அல்ல.

வீட்டில் எதுவும் மாறாததற்கு முக்கியக் காரணம், நீங்கள் பேசுவது சாப்பிடுகிறவர்களிடம் மட்டும் என்பதுதான். சமைப்பது மருமகளாக இருக்கலாம், கடைக்குப் போய் வருவது பேரனாக இருக்கலாம். மாதம் ஒருமுறையாவது அவர்களையும் அழையுங்கள். வயதான பெண்களிடம் இரவில் என்ன சாப்பிட்டார்கள் என்று தனியாகக் கேட்டுப் பாருங்கள். எல்லோரும் உண்டபின் மிஞ்சிய சோறும் ஊறுகாயும்தான் என்ற பதில் இன்னமும் வருகிறது. மனைவியை இழந்து தனியாக வாழும் ஆண்களில் சிலருக்கு டீயும் பன்னுமே இரண்டு வேளைச் சாப்பாடு. இவர்களிடம் எதையும் குறைக்கச் சொல்வது தவறு, ஒரு முட்டை, ஒரு கிண்ணம் பருப்பு என்று கூட்டச் சொல்ல வேண்டும்.

ஒரு கூட்டத்துக்கு ஒரு விஷயம் போதும். முடிவில் "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். அதற்குப் பதிலாக, "இதை உங்கள் மருமகளிடம் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள், புரியாத இடம் தானாகத் தெரிந்துவிடும்.

நீண்ட காலம் சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் அல்லது வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், சைவ உணவினருக்கும் வைட்டமின் பி12 குறையக்கூடும். அந்தக் குறைவே மறதியாக வெளிப்படலாம் என்பதால் இரத்தப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். குறைபாடு இல்லாதவர்கள் ஞாபகசக்திக்காக வைட்டமின் மாத்திரை வாங்கத் தேவையில்லை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் கீரையின் அளவை மருத்துவரைக் கேட்காமல் திடீரென மாற்றக் கூடாது, சிறுநீரக நோயாளிகள் புரதத்தைக் கூட்டுவதற்கும் மருத்துவரின் ஒப்புதல் வேண்டும். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் ஓரிரு நாளில் பேச்சுத் தடுமாறி, ஆள் அடையாளம் தெரியாமல் குழம்பினால், உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனடியாக மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்படி வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.