கட்டம், வட்டம், கேள்விக்குறி: திரையில் தமிழ் உடைந்தால் என்ன செய்வது?

கணினி கேள்வி – பதில்

இந்த இதழுக்கு ராமநாதபுரம் கடலோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்: வீட்டுக் கணினியில் எழுத்து சரியாகத் தெரியவில்லை. எல்லோரும் செய்த முதல் காரியமும் ஒன்றுதான், இணையத்தில் தேடி புது ஃபாண்ட் இறக்கியது. அதற்கு முன்னால் ஒரு நிமிடம், என்ன தெரிகிறது என்று உற்றுப் பாருங்கள். காலிக் கட்டங்கள் என்றால் ஃபாண்ட் இல்லை. ஆங்கில எழுத்துக் குப்பை என்றால் பழைய காலத்து ஃபாண்டில் அடித்தது. தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகள் என்றால் ஃபைலைத் திறந்த விதம் தவறு. வெறும் கேள்விக்குறிகள் என்றால் சேதி கெட்டது. நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு.

கேள்வி: எங்கள் மீனவர் சங்கத்தின் பழைய தீர்மானங்கள், வரவு செலவு எல்லாம் வேர்ட் ஃபைலாக இருக்கின்றன. புது லேப்டாப்பில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது. எல்லாவற்றையும் செலக்ட் செய்து நிர்மலா ஃபாண்டுக்கு மாற்றினேன். அப்போதும் அப்படியே. ஃபைல் கெட்டுவிட்டதா?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: கெடவில்லை. அந்த ஃபைலுக்குள் தமிழே கிடையாது, ஆங்கில எழுத்துதான் இருக்கிறது. பாமினி போன்ற ஃபாண்டுகள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்தவை. பாமினியில் 'தமிழ்' என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து விசை. கணினி சேமித்தது அந்த ஐந்தைத்தான். நீங்கள் நிர்மலாவுக்கு மாற்றியதும் அது உள்ளதை உள்ளபடி காட்டுகிறது. சொற்களின் தொடக்கத்தில் அடிக்கடி காற்புள்ளி வருகிறதா பாருங்கள். பாமினியில் அது 'இ'. 'இராமநாதபுரம்' என்ற சொல்லே காற்புள்ளியில்தான் தொடங்கும்.

ஃபாண்டை மாற்றியதை முதலில் அன்டூ செய்யுங்கள். சேமித்துவிட்டிருந்தால் மாற்றாத பிரதியை எடுங்கள். காரணம், கணினியில் இல்லாத ஃபாண்டாக இருந்தாலும் வேர்ட் அதன் பெயரை மறப்பதில்லை. குப்பை எழுத்தின் நடுவே கர்சரை வைத்து, ஹோம் பட்டையில் உள்ள ஃபாண்ட் பெட்டியைப் பாருங்கள். பாமினி, வானவில் அவ்வையார், செந்தமிழ் என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கும். பெயரின் முன்னால் டிஎஸ்சி, டாப், டாம் என்று ஒட்டியிருந்தால் அதுவே குறியீட்டு முறையைச் சொல்லிவிடும். டாம், டாப் இரண்டும் 1999-இல் தமிழ்நாடு அரசு அறிவித்த தரங்கள். 2010-இல் அரசு உலகப் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாறியது. அதற்கு முன் ஆளுக்கொரு முறை புழங்கியதால்தான் இந்தப் பாடு.

படித்தால் மட்டும் போதும் என்றால் அதே ஃபாண்டை இன்ஸ்டால் செய்யுங்கள், முடிந்தது. ஆனால் சங்கத்து ஆவணம் இன்னும் பல வருடம் வேண்டும். யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே நல்லது. என்எச்எம் கன்வெர்ட்டர், அழகி ஆகிய இரண்டும் இந்த வேலையைச் செய்யும். இடப்பக்கம் மூல முறை, வலப்பக்கம் யூனிகோடு என்று தேர்ந்தெடுத்தால் நொடியில் மாறும். சிக்கல் அதற்குப் பிறகுதான் வரும்.

ஃபைலில் உண்மையான ஆங்கிலமும் இருந்தால் (படகுப் பதிவு எண், மின்னஞ்சல் முகவரி) கன்வெர்ட்டர் அதையும் தமிழாக்கிக் கெடுத்துவிடும். எனவே மொத்தமாகக் காப்பி செய்யாதீர்கள். தமிழ்ப் பகுதியில் கர்சரை வைத்து, ஹோம் பட்டையின் வலக்கோடியில் 'செலக்ட்' என்பதை அழுத்தி, ஒரே மாதிரி வடிவமைப்புள்ள எழுத்துகளை மட்டும் தேர்ந்தெடுக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது, வேர்டின் 'உதவி'. ஆங்கிலம் அடிப்பதாக நினைத்துக்கொண்டு வாக்கியத்தின் முதல் எழுத்தை அது பெரிய எழுத்தாக்கும். பாமினியில் சின்ன ஜே 'த', பெரிய ஜே 'து'. அதனால்தான் மாற்றிய ஃபைல்களில் வாக்கியத் தொடக்கத்தில் 'துமிழ்', 'துலைவர்' என்று வருகிறது. இதைத் தானாகத் திருத்தும் வழி இல்லை, கண்ணால் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். இப்போதும் பாமினியில் அடிப்பவர்கள் ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோ கரெக்ட் என்று போய் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

கண்ணுக்குத் தப்பும் பிழை ஒன்று உண்டு. பழைய டைப்பிஸ்டுகள் 'ர்' அடிக்கும்போது ர விசைக்குப் பதில் துணைக்காலை அடித்து மேலே புள்ளி வைத்துவிடுவார்கள். காகிதத்தில் வித்தியாசம் தெரியாது. மாற்றியபின் 'மீனவர்' என்பது 'மீனவா்' ஆகிவிடும். படிக்கும்போது சரியாகவே தோன்றும், ஆனால் 'மீனவர்' என்று தேடினால் ஒன்றுகூடக் கிடைக்காது. கன்ட்ரோல் எச் அழுத்தி, தேடும் பெட்டியில் துணைக்கால்-புள்ளியை ஃபைலிலிருந்தே காப்பி செய்து ஒட்டி, மாற்றும் பெட்டியில் 'ர்' போட்டு மொத்தமாக மாற்றுங்கள். 'கௌரவத் தலைவர்' என்பது 'கெளரவ' என்று ஒற்றைக்கொம்பும் ளகரமுமாக வந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: மகளிர் குழு உறுப்பினர் பட்டியலை சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) ஃபைலாக அனுப்பினார்கள். எக்செலில் திறந்தால் பெயரெல்லாம் ஏதோ பிரெஞ்சு மாதிரி இருக்கிறது. என்னிடம் தமிழ் ஃபாண்ட் இருக்கிறது, வேறு ஃபைல்களில் தமிழ் நன்றாகவே தெரிகிறது.
– வாசகி, தேவிபட்டினம்

பதில்: தலையில் சாய்கோடு போட்ட சின்ன 'ஏ', அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', இந்த ஜோடி திரும்பத் திரும்ப வருகிறது அல்லவா? அது தமிழேதான். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டாகச் சேமிக்கப்படுகிறது. முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே, இரண்டாவதும் இரண்டில் ஒன்றுதான். எக்செல் அதை யூடிஎஃப்-8 என்று அறியாமல் பைட்டுக்கு ஒரு ஐரோப்பிய எழுத்தாகப் படித்துவிட்டது.

ஃபைலை டபுள் கிளிக் செய்யாதீர்கள். வெற்று எக்செலைத் திறந்து, டேட்டா பட்டையில் 'ஃப்ரம் டெக்ஸ்ட் / சிஎஸ்வி' வழியாக ஃபைலைக் காட்டுங்கள். வரும் பெட்டியில் 'ஃபைல் ஆரிஜின்' என்ற இடத்தில் 65001 யூனிகோடு யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுத்தால் அங்கேயே பெயர்கள் தமிழாகும். உடனே 'லோட்' அழுத்திவிடாதீர்கள். பட்டியலில் வங்கிக் கணக்கு எண் இருக்குமே! எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் நினைவில் வைக்காது, மீதியைப் பூஜ்யமாக்கிவிடும். முன்னால் உள்ள பூஜ்யத்தையும் தின்றுவிடும். 'ட்ரான்ஸ்ஃபார்ம் டேட்டா' போய் அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' ஆக்கிவிட்டு லோட் செய்யுங்கள். பெயர் தவறினால் பார்த்ததும் தெரிந்துவிடும், கணக்கு எண் தவறினால் பணம் வராதபோதுதான் தெரியும்.

உடைந்து தெரியும் எழுத்தைக் காப்பி செய்து எதிலாவது ஒட்டி மீட்கப் பார்க்க வேண்டாம். மெய்யெழுத்துப் புள்ளியின் கடைசி பைட்டுக்கு அந்த ஐரோப்பிய அட்டவணையில் எழுத்தே ஒதுக்கப்படவில்லை. ஆகவே காப்பி எடுக்கையில் பெரும்பாலும் முதலில் காணாமல் போவது புள்ளிதான். மூல ஃபைலையே மறுபடி திறங்கள். அதிலேயே கேள்விக்குறிகளாக இருந்தால் அனுப்பியவர் தமிழுக்கு இடமில்லாத பழைய ஆன்சி முறையில் சேமித்திருக்கிறார். அதை எவராலும் மீட்க முடியாது, புதிதாக அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: திருமண அழைப்பிதழை வீட்டிலேயே ஃபோட்டோஷாப்பில் செய்கிறேன். தமிழில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. மேலே போடும் பிஸ்மில்லாஹ் சில ஃபாண்டில் வெறும் கட்டம். அரபு எழுத்துகள் தனித்தனியாகப் பிரிந்து இடமிருந்து வலமாகப் போகின்றன.
– வாசகர், கீழக்கரை

பதில்: மூன்றில் இரண்டு ஒரே நோய். யூனிகோடில் 'கெ' என்பது முதலில் ககரம், பின்னால் கொம்பு என்றே சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுவருவது மென்பொருளின் எழுத்து இயந்திரத்தின் வேலை. அரபு எழுத்துகளைக் கோத்து வலமிருந்து இடமாக ஓட்டுவதும் அதன் வேலைதான். பழைய ஃபோட்டோஷாப்பில் அது வழக்கமாக அணைந்தே கிடக்கும். முந்தைய சிசி (கிரியேட்டிவ் கிளவுட்) பதிப்புகளில் எடிட், ப்ரிஃபரன்ஸஸ், டைப் போய் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு புது டாக்குமெண்ட் திறந்து அடியுங்கள், பழைய லேயர்கள் தானாகச் சரியாகாது. அதற்குப் பிந்திய பதிப்புகளில் பாராகிராஃப் பேனலின் மெனுவில் 'வேர்ல்ட் ரெடி லேஅவுட்' என்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள்.

பிஸ்மில்லாஹ் கட்டமாவது வேறு காரணம். அந்த வாசகம் முழுவதும் யூனிகோடில் ஒற்றை எழுத்தாகவும் இருக்கிறது. கைபேசியிலிருந்து காப்பி எடுத்தால் பெரும்பாலும் அதுதான் வரும். எல்லா ஃபாண்டிலும் அதற்கு உருவம் இருக்காது. அந்த ஒரு வரிக்கு மட்டும் அமிரி ஃபாண்ட் போடுங்கள், இலவசம்தான்.

அச்சகத்தில் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளை வைத்திருந்தால் யூனிகோடு அங்கே செல்லாது. பிடிஎஃப் ஆகவோ படமாகவோ கொடுத்துவிடுங்கள். அவர்களே பழைய ஃபாண்டுக்கு மாற்றிக்கொள்கிறோம் என்றால், ப்ரூஃபில் ஸ்ரீ, க்ஷ, ஹ, ஜ வரும் பெயர்களை எழுத்தெண்ணிப் பாருங்கள். இடறுவது அங்கேதான்.

கேள்வி: எல்லா எழுத்துக்கும் வலப்பக்கம் நிழல் விழுகிறது, திரை முழுக்க மஞ்சள் பாய்ந்திருக்கிறது. ஃபாண்டை மாற்றிப் பார்த்தும் போகவில்லை. வீடு கடற்கரையை ஒட்டி இருக்கிறது.
– வாசகர், பாம்பன்

பதில்: கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. விண்டோஸ் விசையோடு பிரிண்ட் ஸ்கிரீன் அழுத்தி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து கைபேசிக்கு அனுப்பிப் பாருங்கள். அங்கே எழுத்து பளிச்சென்று இருந்தால் ஃபாண்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மானிட்டர் பக்கத்துக் கோளாறு.

மஞ்சள் என்றால் நீல நிறத்துக்கான கம்பி அறுந்திருக்கிறது அல்லது பிடிப்பு விட்டிருக்கிறது. பச்சை போனால் திரை ரோஜா நிறமாகும், சிவப்பு போனால் நீலப்பச்சை. நீலத் தலை கொண்ட விஜிஏ கேபிளில் சிவப்பு, பச்சை, நீலம் முறையே 1, 2, 3-ஆம் பின்களில் வருகின்றன. உப்புக்காற்றில் அந்தப் பின்களில் பச்சை நிறத்தில் களிம்பு ஏறும். கணினி, மானிட்டர் இரண்டின் பிளக்கையும் சுவரிலிருந்து எடுத்துவிட்டு கேபிளைக் கழற்றுங்கள். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய பல் துலக்கும் பிரஷால் பின்களையும் எதிர்ப்பக்கக் குழிகளையும் தேய்த்து, பத்து நிமிடம் உலரவிட்டு, இருபுறத் திருகையும் இறுக்கி மாட்டுங்கள். 15 பின்களில் 9-ஆவது இல்லாமலிருப்பது சகஜம், உடைந்துவிட்டதென்று பதற வேண்டாம். வளைந்த பின் இருந்தால் மெல்ல நிமிர்த்துங்கள். போகவில்லையா, கேபிளை மாற்றுங்கள். இரண்டு பக்கமும் எச்டிஎம்ஐ இருந்தால் அதற்கே போய்விடலாம்.

நிறம் சரியாகி எழுத்து மட்டும் மங்கலாக இருந்தால், டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 'ரெகமெண்டட்' என்று குறித்த ரெசொல்யூஷன்தான் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: இலவச ஃபாண்ட் தொகுப்பு ஒன்றை மொத்தமாக இன்ஸ்டால் செய்தேன். அதிலிருந்து சில இணையதளங்களில் ஆங்கிலமே புரியாத குறிகளாகத் தெரிகிறது.
– வாசகி, தொண்டி

பதில்: அந்தத் தொகுப்பில் ஹெல்வெடிகா என்ற பெயரில் ஒரு ஃபைல் வந்திருக்கும். பல தளங்கள் முதலில் அந்தப் பெயரைத்தான் கேட்கும். விண்டோஸில் அது கிடையாது என்பதால் ஏரியல் வந்து நிற்கும். இப்போது அரைகுறை ஹெல்வெடிகா ஒன்று உள்ளே இருப்பதால் பிரவுசர் அதை எடுத்துக்கொள்கிறது. கன்ட்ரோல் பேனலின் ஃபாண்ட்ஸ் பகுதியில் அதைத் தேடி நீக்குங்கள். மெனுக்களும் கெட்டிருந்தால் அங்கேயே ஃபாண்ட் செட்டிங்ஸில் 'ரீஸ்டோர் டீஃபால்ட் ஃபாண்ட் செட்டிங்ஸ்' அழுத்தி ரீஸ்டார்ட் செய்யுங்கள். இனி தொகுப்பாக எதையும் ஏற்றாதீர்கள். தேவையான ஒன்றை மட்டும் ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' கொடுங்கள். வெறும் 'இன்ஸ்டால்' என்றால் விண்டோஸ் 10 முதல் அது உங்கள் கணக்குக்கு மட்டும் போகும், சில பழைய மென்பொருள்களின் கண்ணில் படாது.

கேள்வி: பழைய கணினியில் லதா ஃபாண்டில் அடித்த பள்ளி வினாத்தாள், புதியதில் பக்கம் மாறிப்போகிறது. லதாவே பட்டியலில் இல்லை.
– வாசகர், உச்சிப்புளி

பதில்: விண்டோஸ் 10-இலிருந்து லதாவும் விஜயாவும் கேட்டால்தான் வரும். செட்டிங்ஸில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' என்று தேடி, 'தமிழ் சப்ளிமெண்டல் ஃபாண்ட்ஸ்' என்பதைச் சேருங்கள். இணைய இணைப்பு வேண்டும். லதா வந்ததும் வரி இடைவெளி பழையபடி அமர்ந்துவிடும்.

கேள்வி: சான்றிதழ் பிடிஎஃப் திரையில் சரியாக இருக்கிறது, பிரிண்ட் எடுத்தால் தமிழ் மட்டும் சிதறுகிறது.
– வாசகி, ஏர்வாடி

பதில்: பிரிண்டர் டிரைவர் அந்த ஃபாண்டோடு மல்லுக்கட்டுகிறது. அடோபி ரீடரில் பிரிண்ட் பெட்டியைத் திறந்து, 'அட்வான்ஸ்ட்' உள்ளே 'பிரிண்ட் ஆஸ் இமேஜ்' டிக் செய்யுங்கள். கொஞ்சம் மெதுவாக வரும், எழுத்து உடையாது.