ரீபையை எந்த லெவலில் மூடுவது?

எட்டுப் பேர் ஆடும் உங்கள் வீட்டுப் போக்கர் போட்டி, வரம்பில்லாத ரீபையால் (அதாவது, தோற்றவர் மீண்டும் பணம் கட்டிச் சிப், அதாவது பந்தய வில்லைகள், வாங்கி ஆட்டத்துக்குத் திரும்புவதால்) விடியும்வரை நீள்வதாக எழுதியிருந்தீர்கள். கட்டாயப் பந்தயம் உயரும் ஒவ்வொரு கட்டமும் ஒரு லெவல்; நான்காம் லெவலோடு ரீபையை மூடிவிடுங்கள். தொடக்கத்தில் 5,000 சிப்கள் என்றால், பிளைண்ட் (சீட்டுப் பார்க்குமுன் இருவர் வைக்க வேண்டிய அந்தக் கட்டாயப் பந்தயம்; இரண்டில் பெரியது பிக் பிளைண்ட்) 400/800 ஆன பிறகு திரும்பி வருபவரிடம் ஆறு பிக் பிளைண்டுதான் இருக்கும். ஆல்-இன், அதாவது இருப்பதையெல்லாம் ஒரே பந்தயமாக வைப்பது தவிர அவருக்கு வேறு வழியில்லை, பாவம்.

மேசையிலுள்ள மொத்தச் சிப்கள் ஏறத்தாழ இருபது பிக் பிளைண்டாகச் சுருங்கும்போதுதான் ஆட்டம் பெரும்பாலும் முடியும். எட்டுப் பேரின் 40,000 சிப்களுக்கு பிக் பிளைண்ட் 2,000 போதும். பத்து ரீபை சேர்ந்தால் 4,500 வரை போக வேண்டியிருக்கும். ஆகவே சிப் முழுவதும் தீர்ந்தவருக்கு மட்டும் ரீபை கொடுங்கள், அதுவும் தலைக்கு இரண்டு முறைதான்.

நான்காம் லெவலின் கடைசிச் சுற்றில் தோற்பவருக்கு ரீபை உண்டா என்பதையும் சீட்டுப் போடுமுன் சொல்லிவிடுங்கள். எங்கள் மேசையில் இதற்காகவே இரண்டு நண்பர்கள் ஒரு மாதம் பேசாமல் இருந்தார்கள்.