ட்ராம் சிமுலேஷன் செய்கிற பெண்ணுக்கு வேலை கிடைக்குமா?

மூன்றாம் வருட சிவில் படிக்கும் மகள் ராத்திரி பகலாக கம்ப்யூட்டரில் ரயில் பொம்மை ஓட்டிக்கொண்டிருக்கிறாள், இதை வைத்து யார் வேலை கொடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கவலை நியாயம்தான். ஆனால் அவள் எடுத்திருப்பது விளையாட்டு இல்லை, சிமுலேஷன், அதாவது நிஜத்தில் நடப்பதைக் கம்ப்யூட்டரில் கணக்காக ஓட்டிப் பார்ப்பது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு லைட் ரயில் (ட்ராம் மாதிரியான நகர ரயில்) பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 6 நிமிடத்துக்கு ஒரு வண்டி. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நிமிடத்துக்கு 10 பேர் வருகிறார்கள் என்றால், சரியான நேரத்துக்கு வரும் வண்டிக்கு 60 பேர் காத்திருப்பார்கள். அதுவே 2 நிமிடம் தாமதமாக வந்தால் 80 பேர். கூடுதலான அந்த 20 பேர் 4 கதவுகளில் ஏற, ஆளுக்கு 2 விநாடி வைத்தாலும் 10 விநாடி அதிகமாக நிற்க வேண்டியிருக்கும். வெறும் 10 விநாடிதானே என்று தோன்றும். ஆனால் தாமதம் கூடக்கூட அடுத்த நிறுத்தத்தில் கூட்டமும் கூடும், கூட்டம் கூடினால் தாமதம் இன்னும் ஏறும். பின்னால் வரும் வண்டிக்கோ ஆளே குறைவு, அது விறுவிறுவென்று கிளம்பி வந்துவிடும். இதே கணக்கைப் போட்டுக்கொண்டே போனால் எட்டாவது நிறுத்தத்துக்குள் முதல் வண்டி கிட்டத்தட்ட 4 நிமிடம் பின்தங்கியிருக்கும், அடுத்த வண்டி அதன் வாலைப் பிடித்திருக்கும். முன்னது பிதுங்கி வழிய, பின்னது காலியாகப் போகும். பேருந்துகள் இப்படி ஒட்டிக்கொள்வதை நியூவெல், பாட்ஸ் என்ற இருவர் 1964-லேயே கணக்காக எழுதிக் காட்டிவிட்டார்கள்.

இதற்கு இன்னொரு வண்டி விட்டால் போதும் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். அதுவும் போய் அந்த வரிசையில் ஒட்டிக்கொண்டால்? சில சமயம் பின்னால் வருகிற வண்டியை ஒரு நிறுத்தத்தில் ஒரு நிமிடம் பிடித்து வைத்தாலே நெரிசல் குறைந்துவிடும். ஆனால் அதற்குள் உட்கார்ந்திருக்கிறவர் திட்டத்தான் செய்வார். எங்கே, எவ்வளவு நேரம் பிடித்து வைக்கலாம் என்பதை நிஜ வண்டியில், நிஜ ஜனத்தை வைத்துப் பரிசோதிக்க முடியாது, அதனால்தான் சிமுலேஷன்.

சரி, வேலை. 'லைட் ரயில் சிமுலேஷன்' என்று தேடினால் விளம்பரம் அதிகம் வராது, அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். போக்குவரத்துத் திட்டமிடல், ஆபரேஷன்ஸ் ரிசர்ச் (கணக்குப் போட்டு வேலைகளைச் சீராக்கும் துறை), கால அட்டவணை என்ற பெயர்களில் தேடச் சொல்லுங்கள். மெட்ரோ, ட்ராம் நடத்தும் நிறுவனங்கள், ஆலோசனை நிறுவனங்கள், சிக்னல் தயாரிப்பவர்கள் எல்லாரிடமும் இந்த வேலை இருக்கிறது. விமான நிலைய வரிசை, மருத்துவமனைப் படுக்கை, கிடங்கு என்று வேறு இடத்துக்குப் போனாலும் அடிப்படைக் கணக்கு இதேதான். பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியும் புள்ளியியலும் கைவசம் இருக்க வேண்டும். சிம்பை, சூமோ என்ற சிமுலேஷன் மென்பொருள்கள் இரண்டும் இலவசம், அதில் பழகினால் போதும், காசு கொடுத்து எந்தச் சான்றிதழ் வகுப்பிலும் சேர வேண்டாம்.

இப்போது கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். திரையில் கலர் கலராக ரயில் ஓடுகிற ப்ராஜெக்ட்டை நேர்முகத் தேர்வில் காட்டினால், விவரம் தெரிந்தவர் கேட்கும் முதல் கேள்வியே "ஆளுக்கு 2 விநாடி என்று எங்கிருந்து எடுத்தாய்?" என்பதாகத்தான் இருக்கும். மென்பொருளில் ஏற்கெனவே இருந்தது என்று பதில் சொன்னால் கதை அங்கேயே முடிந்தது. பெட்டி நிரம்பிய பிறகு ஏறுவதற்கு அதே 2 விநாடி போதாது, வாசலிலேயே நிற்கிறவர்களை விலக்கிக்கொண்டு இறங்குவதற்கும் நேரம் பிடிக்கும், இதெல்லாம் நேரில் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அப்புறம், ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லக் கூடாது. கூட்டம் ஒருநாள் போல இன்னொருநாள் இருக்காது, அதனால் நூறு தடவையாவது ஓட்டி, காத்திருக்கும் நேரம் எதிலிருந்து எதுவரை போகிறது என்று காட்ட வேண்டும். இவள் சிமுலேஷன் சொல்கிற தாமதமும் நிறுத்தத்தில் அளந்த தாமதமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று ஒரு பக்கம் எழுதி வைத்தாலே பாதி வேலை கிடைத்த மாதிரி (ஒத்துப்போகாவிட்டால் ஏன் என்று எழுதியிருந்தால் எனக்கு இன்னும் பிடிக்கும்).

அதனால் அவளை நான்கைந்து நாள் காலை நெரிசல் நேரத்தில் ஏதாவது ஒரு நிறுத்தத்தில் போய் நிற்கச் சொல்லுங்கள். கையில் ஸ்டாப்வாட்ச், ஒரு நோட்டு, அவ்வளவுதான். ட்ராம் இல்லாவிட்டால் மெட்ரோவோ பேருந்தோ போதும். முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள், ஒரு கதவுக்கு இரண்டு பேர் தேவைப்படும். ஏறுகிறவர்களை அவள் எண்ணட்டும், இறங்குகிறவர்களை நீங்கள் எண்ணுங்கள்.