வாடகை வீடு: கேள்வி பதில்

கேள்வி: 11 மாத ஒப்பந்தம்தானே சார், எதற்குப் பதிவு?

பதில்: ஓராண்டைத் தாண்டினால் சார்பதிவாளர் அலுவலகம் போக வேண்டுமே என்று வந்த பழக்கம் அது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில் அந்தக் கணக்கு உதவாது. எத்தனை மாதமானாலும் எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிந்து, பதிவு எண் வாங்க வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணமாக்கி, காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் வாடகை நீதிமன்றம் போகலாம்.

கேள்வி: அட்வான்ஸ் 10 மாதம் கேட்கிறார். 3 மாதம்தானே?

பதில்: 3 மாதம்தான். ஆனால் 'ஒப்பந்தம் வேறுவிதமாக இல்லாவிட்டால்' என்று ஒரு வாலும் இருக்கிறது. கையெழுத்துக்கு முன்பே பேசுங்கள். ரொக்கமாக மட்டும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கோயில் இடத்தில் கடை வைத்திருக்கிறேன். எனக்கும் இதே சட்டமா?

பதில்: அறநிலையத் துறையைக் கேளுங்கள்.

கேள்வி: காலி செய்தேன். பெயின்ட் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்.

பதில்: இதைத்தான் எதிர்பார்த்தேன். சட்டத்தின் இரண்டாம் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பக்கம். டேப் வாஷர், சுவிட்ச், உடைந்த கண்ணாடி உங்கள் பக்கம். பிடித்தம் போக மீதி அட்வான்ஸ் ஒரு மாதத்துக்குள் கைக்கு வர வேண்டும்.

கேள்வி: நான் வீட்டுக்காரன். ஹால் முழுக்கப் பிள்ளை கிரேயான்ல கிறுக்கி வெச்சிருக்கு. அதுவும் என் தலையிலயா?

பதில்: இல்லை. குடியிருந்தவர் செய்த சேதம் வேறு, நாள்பட்ட மங்கல் வேறு. குடிவரும்போது எடுத்த போட்டோ இருக்கிறதா?

கேள்வி: இல்ல.

பதில்: அப்புறம் எதை வைத்துப் பேசுவீர்கள்? பெயின்டர் பில்லாவது?

கேள்வி (பெயின்ட் செலவு பற்றிக் கேட்டவர்): சார், அஞ்சு வருஷம் இருந்தேன். காலண்டர் மாட்டின ஆணி ஓட்டை நாலு. கிரேயானே இல்லை!

பதில்: நாலு ஓட்டைக்கு ஒரு மாத வாடகையா? பட்டி பூசினால் முடிந்தது. பில் கேட்டுக் கடிதம் எழுதுங்கள்.

கேள்வி: அட்வான்ஸ் எத்தனை மாதம் சார்?

பதில்: மேலே பாருங்கள். ரொக்கம் வேண்டாம்.

கேள்வி: குடியிருக்கிறவர் ரெண்டு மாச வாடகை பாக்கி. தண்ணி மோட்டாரை நிறுத்திடவா?

பதில்: கூடாது. தண்ணீர், மின்சாரத்தில் கை வைத்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும். எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். ஒரு மாதத்தில் கட்டாவிட்டால் நீதிமன்றம்.

கேள்வி: 11 மாதம்னா பதிவு வேண்டாம்தானே?

பதில்: முதல் கேள்வி.

கேள்வி (வீட்டுக்காரர்): பழைய போட்டோ ஒண்ணு கிடைச்சுது. பால் காய்ச்சினப்ப எடுத்தது, பின்னாடி சுவர் தெரியுது.

பதில்: தேதி இருந்தால் பத்திரமாக வையுங்கள்.