நீர் நீர் மாதிரி இல்லையே என்கிறீர்கள்

ஓவியர் சோதாட்சு மடிப்புத் திரையில் வரைந்த 'மாட்சுஷிமா அலைகள்' ஓவியத்தைப் பற்றி வகுப்புக்குக் கட்டுரை எழுத வேண்டும், ஆனால் நீர் நீர் மாதிரியே இல்லை என்று கேட்டிருந்தீர்கள். சரி, அதையே முதல் வரியாக எழுதுங்கள். 17-ஆம் நூற்றாண்டு ஜப்பானியரான அவர் அலையை நிறத்தால் அல்ல, கோட்டால் ஓட விடுகிறார். கோடுகள் எங்கே நெருங்குகின்றன, பாறையில் மோதும்போது எப்படி நுரையாகச் சிதறுகின்றன என்று பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். பாறைகளுக்கு நிழல் கிடையாது, தட்டையான வண்ணம்தான்.

நம் தஞ்சாவூர்ப் பக்கம் வண்டல் பூமி, பாறையைப் பார்த்துப் பழக வழியில்லை. தண்ணீர் திறந்திருக்கும்போது கல்லணைப் பாலத்தில் நின்று, மதகைத் தாண்டி வரும் நுரையின் கோடுகளை மட்டும் பென்சிலால் வரையுங்கள். அப்புறம் திரையைப் பாருங்கள்.