தம்பிமேல் நம்பிக்கை இருக்கட்டும், உயிலும் இருக்கட்டும்

கேள்வி: எனக்கு 46 வயது. குரோம்பேட்டையில் நான் சம்பாதித்து வாங்கிய ஃபிளாட் என் பெயரில் இருக்கிறது. இன்று 72 லட்சம் போகும். வீட்டுக் கடன் 18 லட்சம் பாக்கி. கல்யாணத்துக்கு முன் போட்ட எஃப்.டி. இப்போது 8 லட்சம், நாமினி தம்பி. மனைவி, 11 வயது மகள் இருக்கிறார்கள். அப்பா இல்லை, அம்மா பெரம்பூரில் தம்பியோடு இருக்கிறார். தம்பியின் கடைக்கு 2 ஆண்டுகளில் 6 லட்சம் கொடுத்தேன். இன்னும் 3 லட்சம் கேட்கிறான். உயில் எழுதப்போகிறேன் என்றால் "இந்த வயசுல எதுக்குண்ணா, என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று வருத்தப்படுகிறான். ஏஜென்ட் ஒருவரோ உயிலே வேண்டாம், 'வாரிசுப் பாதுகாப்பு' பாலிசி எடுங்கள் என்கிறார்: ஆண்டுக்கு 1.2 லட்சம், 12 ஆண்டுகள், காப்பீடு 12 லட்சம். என்ன செய்வது?

பதில்: இ.எம்.ஐ., சேமிப்பு எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, அதற்குள் போகவில்லை. என்னைக் கவலைப்பட வைப்பது, எல்லாவற்றையும் வாய்வார்த்தையிலேயே விட்டுவைக்கும் உங்கள் பழக்கம்தான். தம்பிக்குக் கொடுத்த 6 லட்சத்துக்கு ஒரு துண்டுச்சீட்டு இல்லை. வீடு மனைவிக்கு என்று மனதில் வைத்திருப்பீர்கள். அதற்கும் காகிதம் இல்லை.

நாளைக்கே உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956 உங்களுக்குப் பொருந்தும் என்று வைத்துக்கொள்கிறேன். உயில் இல்லையென்றால் மனைவி, மகள், தாய் மூவருக்கும் சமபங்கு. தாய்க்குப் பங்கு உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. 72-இல் கடன் 18 போனால் 54. ஆளுக்கு 18 லட்சம். அம்மாவும் உயில் எழுதாமல் காலமானால் அவர் பங்கில் தம்பிக்கு 9, உங்கள் மகளுக்கு 9. தம்பி பெயருக்கே அவர் எழுதிவிட்டால் 18-ம் தம்பிக்கு. உங்களுக்குக் கடன்பட்டவர் உங்கள் வீட்டில் பங்குக்காரரும் ஆகிவிடுவார்.

அதற்குள் உங்கள் மனைவி படும் பாட்டைச் சொல்லி மாளாது. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் மூன்று பெயரும் வரும். கடனை அடைக்க வீட்டை விற்கலாமென்றால் மாமியார் கையெழுத்து வேண்டும். மகள் மைனர் என்பதால் அவள் பங்குக்கு நீதிமன்ற அனுமதியும் வேண்டும்.

என்னிடம் வந்த ஒரு பெண்மணி, கணவர் பீரோவில் வைத்திருந்த உயிலை மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அழகாக டைப் அடித்த 2 பக்கங்கள். கடைசியில் 'சாட்சிகள்' என்ற சொல்லுக்குக் கீழே 1, 2 என்று எண்கள் மட்டும், எதிரே ஒன்றுமில்லை. ஓரத்தில் பென்சிலால் 'ஞாயிறு' என்று குறித்திருந்தார். அந்தக் காகிதத்தை வைத்து அவரால் எதுவும் செய்ய முடியவில்லை.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதலாம். நீங்களும் 2 சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். சாட்சிகள் உங்களைவிட இளையவர்களாக, சொத்தில் எதுவும் பெறாதவர்களாக இருப்பது நல்லது. பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள், உங்கள் விஷயத்தில் பின்னால் கேள்வி வர வாய்ப்பு அதிகம். மனம் மாறினால் புதிதாக எழுதிக்கொள்ளலாம். கடைசியாக எழுதியதே செல்லும். அம்மாவை விலக்கச் சொல்லவில்லை. வீட்டை மனைவிக்கும், அந்த எஃப்.டி.யை அம்மாவுக்கும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

எழுதிய கையோடு வங்கிக்குப் போய் நாமினியையும் மாற்றுங்கள். நாமினி என்பவர் பணத்தை வாங்கி உரியவரிடம் கொடுக்க வேண்டியவர், சொந்தக்காரர் அல்ல. ஆனால் வங்கி பணத்தை அவர் கையில்தான் கொடுக்கும்; கைக்குப் போனதைத் திரும்ப வாங்க உங்கள் குடும்பம் கோர்ட் படி ஏற வேண்டும்.

அந்தப் பாலிசி வேண்டாம். மொத்தம் 14.4 லட்சம் கட்டி 12 லட்சத்துக்குக் காப்பீடு. உங்கள் வீட்டுக் கடனே 18 லட்சம்! உயில் செய்யும் வேலையை எந்தப் பாலிசியும் செய்யாது. அந்தப் பிரீமியத்தில் ஒரு பகுதியிலேயே 50 லட்சத்துக்கு டேர்ம் பாலிசி, அதாவது குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் காப்பீடு, கிடைக்கும். திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம், 1874-இன் கீழ் எடுங்கள். பணம் மனைவிக்கும் மகளுக்கும் மட்டுமே போகும், கடன்காரர்கள் தொட முடியாது.

தம்பிக்கு அந்த 3 லட்சத்தை இப்போது கொடுக்காதீர்கள். முதலில் பழைய 6 லட்சத்துக்குப் புரோநோட்டு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கைமாற்றுப் பணத்துக்கு வழக்குப் போடக் காலவரம்பு 3 ஆண்டுகள். நீங்கள் முதலில் கொடுத்த தொகைக்கு 2 ஆண்டுகள் ஓடிவிட்டன. கையெழுத்து வந்ததும் அந்த 6 லட்சத்தையும் உயிலில் வரவேண்டிய பாக்கியாகச் சேர்த்து எழுதுங்கள்.