கப்பலில் போதை: கண்ணில் தெரிவது எது, ஏமாற்றுவது எது

மயிலாடுதுறை, டெக் கேடட் (பயிற்சி அதிகாரி): வாட்ச்ல, அதாவது காவல் முறைப் பணியில தூங்கி வழியறவர் களைப்பிலா, போதையிலான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது சார்?

பதில்: முதல்ல ஓய்வு நேரப் பதிவேட்டைப் பாருங்க தம்பி. 24 மணி நேரத்துல 10 மணி, வாரத்துக்கு 77 மணி ஓய்வு இருக்கணும். அது கிடைக்காதவர் தூங்கத்தான் செய்வார்.

ஓய்வு கிடைச்சும் இப்படின்னா கண்பாப்பாவைப் பாருங்க. கப்பலை ஓட்டுற அறையான பிரிட்ஜ் இருட்டுல எல்லாருக்கும் விரிஞ்சுதான் இருக்கும், அங்கே பார்த்துப் பயனில்லை. மங்கல் வெளிச்சத்திலும் ஊசிமுனையா சுருங்கியிருந்தா அபின் வகையைச் சந்தேகிக்கலாம். நல்ல வெளிச்சத்திலும் சுருங்காம இருந்தா ஊக்க மருந்தா இருக்கலாம். கஞ்சான்னா கண் சிவக்கும், நாடி வேகமாகும்.

கடல் குமட்டலுக்குக் காதுக்குப் பின்னால ஒட்டுற ஸ்கோபோலமின் பட்டையைத் தொட்ட விரலால கண்ணைத் தேய்ச்சா, அந்த ஒரு கண் மட்டும் விரிஞ்சு நிக்கும். பட்டையே ஒட்டலைன்னா தலையில அடிபட்டதான்னு உடனே விசாரிங்க.

அக்கரைப்பேட்டை, விசைப்படகு உரிமையாளர்: தினம் குடிக்கிற ஆள், கடலுக்குப் போன ரெண்டாம் நாள் நடுங்குறான், இல்லாத ஆளோட பேசுறான். கஞ்சாவா?

பதில்: குடி நின்னதோட விளைவா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் அண்ணே. கடைசியாக் குடிச்ச 6 மணி நேரத்துல நடுக்கம் தொடங்கும், 2 நாளுக்குள்ள வலிப்பு வரலாம், 2 முதல் 4 நாளுக்குள்ள புத்தி தடுமாறும். அப்பதான் கடல்ல குதிச்சிடலாம். சுருட்டின கயிறு கிடக்கிற மேல்தளத்துல விடாம, கூடவே ஒருத்தரை உட்கார வைங்க. பேய்னு வேப்பிலை அடிச்சு நேரத்தை வீணாக்காதீங்க, கரைக்குத் திருப்புங்க. செல் எட்டுனா கடலோரக் காவல்படை 1554, எட்டலைன்னா விஎச்எஃப் ரேடியோவுல சேனல் 16. சர்க்கரை மருந்து சாப்பிடுறவர்னா சர்க்கரை இறங்குனாலும் இப்படித்தான் உளறுவார். விழுங்க முடிஞ்சா முதல்ல சர்க்கரைத் தண்ணி கொடுங்க.

காரைக்கால், செகண்ட் ஆபீசர்: மருந்துப் பெட்டியில மார்ஃபின் (அபின் வகை வலி மருந்து) கணக்கு சரியாத்தான் இருக்கு. போதுமா?

பதில்: போதாது. எண்ணிக்கை சரியா இருந்தாலும் உள்ளே இருக்கிறது மாறியிருக்கலாம். ஆம்பூல்ங்கிற கண்ணாடி மருந்துக் குப்பியோட கழுத்துல விரிசல், சீல் பட்டையில பிரிச்சு ஒட்டின தடம் இருக்கான்னு பாருங்க. ரெண்டு பேராச் சேர்ந்து எண்ணி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க.

நாகை, மோட்டார்மேன்: போதைச் சோதனை கிட்ல பாசிட்டிவ் வந்தா உடனே கப்பல்ல இருந்து இறக்கிடுவாங்களா?

பதில்: கிட் வடிகட்டுறதுக்கு மட்டும்தான், ஆய்வகம் உறுதி செய்யணும். அபின் வகை மருந்தான கோடீன் கலந்த இருமல் சிரப்பும் பாசிட்டிவ் காட்டும். அதனால சோதனைக்கு முன்னாடியே சாப்பிடுற மருந்தெல்லாம் எழுதிக் கொடுத்துடுங்க. ஆனா உறுதி ஆகுறவரை வாட்ச்ல நிக்க வைக்காம இருக்கிறது நியாயம்தான்.